ஆரோனின் அங்கிக்குப் பட்டும் வேண்டாம், சாட்டினும் வேண்டாம்

கேள்வி: எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளி ஆண்டுவிழாவில் பிள்ளைகள் இரண்டு நாடகம் போடுகிறார்கள். ஒன்று ஆரோன் பிரதான ஆசாரியனாவது, மற்றது ஐசுவரியவானும் லாசருவும். உடை தைக்கும் பொறுப்பு என்னுடையது. ஒரு அக்கா நான்கு பழைய பட்டுச்சேலைகள் கொடுத்திருக்கிறார். கமிட்டியில் சிலர் சாட்டின் எடுத்தால் மேடையில் எடுப்பாக இருக்கும் என்கிறார்கள். வேதாகமத்திலோ ஓரிடத்தில் பஞ்சுநூல், இன்னோரிடத்தில் சணல்நூல், வேறோரிடத்தில் பட்டு என்று வருகிறது. எந்தத் துணிதான் சரி? கலப்புத் துணியே கூடாது என்று ஒரு பெரியவர் சொல்கிறார், அதுவும் உண்மையா?

பதில்: சேலைகளை வெட்டாதீர்கள், சகோதரி. இரண்டு நாடகத்துக்கும் பட்டு தேவையில்லை. சாட்டின் அதைவிடத் தேவையில்லை.

ஆரோன் காலத்தில் பட்டு சீனாவின் சரக்கு. மோசேயின் கூடாரத்துக்கு அது வந்து சேர வழியில்லை. யாத்திராகமம் 28 சொல்லும் மெல்லிய துணி, எகிப்தில் அன்று உச்ச மதிப்பில் இருந்த லினன். பார்வோன் யோசேப்புக்கு உடுத்திவிட்டதும் அதுதான். பஞ்சுநூல், சணல்நூல் என்று இரு விதமாகத் தமிழில் வந்தாலும் இரண்டும் ஆளிச்செடியின் தண்டு நாரில் நெய்த துணியையே குறிக்கின்றன. இன்று கடையில் ஆளிவிதை விற்கிறார்களே, அதே செடி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், சணல் என்ற சொல்லை நம்பி யாரோ கோணித்துணியில் ஆசாரியனுக்குச் சட்டை தைத்துவிடக்கூடாது. சாக்குடை வேதாகமத்தில் துக்கத்துக்கு உடுத்துவது, ஆராதனைக்கு அல்ல.

லினன் எப்படி வருகிறது என்று தெரிந்தால் துணி தேர்வு எளிதாகிவிடும். செடியை அறுப்பதில்லை, நார் குட்டையாகாமல் இருக்க வேரோடு பிடுங்குவார்கள். கட்டுக்கட்டாக நீரில் ஊறப்போட்டால் தண்டின் சதை அழுகி நார் பிரியும். பிறகு வெயிலில் காயவைத்து, அடித்து, சீப்பு போன்ற பற்களில் இழுத்து, நூற்க வேண்டும். எரிகோவில் ராகாப் வேவுகாரர்களை ஒளித்து வைத்தது மொட்டைமாடியில் பரப்பியிருந்த இந்தத் தட்டைகளுக்குள்தான். இத்தனை பாடுபட்டு எடுத்த நூலை எகிப்தியர் உள்ளே இருக்கும் உடம்பு தெரியும் அளவுக்கு மெல்லியதாக நெய்தார்கள். லண்டனில் பெட்ரி அருங்காட்சியகத்தில் தர்கான் என்ற இடத்தில் கிடைத்த ஒரு லினன் சட்டை இருக்கிறது. 5,000 ஆண்டுக்கு மேல் பழையது. அதன் கைப்பகுதியில் வைத்த நெருக்கமான மடிப்புகள் இன்னும் தெரிகின்றன.

ஆக, ஆசாரிய உடையின் பெருமை வெண்மையிலும் நூலின் நேர்த்தியிலும் இருந்தது, பளபளப்பில் அல்ல. எசேக்கியேல் 44 இன்னும் ஒரு படி போய், ஆசாரியர்கள் உள்முற்றத்தில் ஆட்டுமயிர்த் துணி உடுத்தக்கூடாது, வேர்வை உண்டாக்குவது எதையும் கட்டிக்கொள்ளக்கூடாது என்கிறது. பாலியெஸ்டர் சாட்டினைப் போட்டுக்கொண்டு மேடை விளக்குக்குக் கீழே கால் மணி நேரம் நிற்கப்போகிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள். கமிட்டியில் இந்த வசனத்தை வாசித்தாலே போதும்.

அசல் லினன் விலை அதிகம். அதற்கு நெருக்கமாக நிற்பது கஞ்சி போட்ட வெள்ளைக் காட்டன். ஆரோனின் உள்ளங்கிக்குக் கட்டம் கட்டமான நெசவு என்று குறிப்பு இருப்பதால், வெள்ளையிலேயே செல்ஃப் கட்டம் விழுந்த துணி கிடைத்தால் எடுங்கள். இல்லாவிட்டால் கரை இல்லாத வேட்டித் துணி போதும். கணுக்கால் வரை நீளம், முழுக்கை. பாகைக்கு மெல்லிய மல் துணி நன்றாகச் சுற்ற வரும்.

இதற்கு மேல் நீல அங்கி. முழுக்க நீலம், வேறு நிறம் கிடையாது. தலை நுழைய நடுவில் ஒரு துவாரம், அது கிழியாமல் இருக்கச் சுற்றிலும் நெய்த விளிம்பு. உங்கள் டெய்லரிடம் கழுத்துக்குக் கெட்டியான பைப்பிங் வைக்கச் சொன்னால் வசனப்படியே ஆகிவிடும். கீழ் ஓரத்தில் ஒரு மணி, ஒரு மாதுளம்பழம் என்று மாறி மாறித் தொங்க வேண்டும். எத்தனை என்ற எண்ணிக்கையை யாத்திராகமம் கொடுக்கவில்லை, உங்கள் துணியின் சுற்றளவு பார்த்து வைத்துக்கொள்ளலாம். மாதுளை நீலம், இரத்தாம்பரம் (ஊதா), சிவப்பு நூலில் செய்தது. உல்லன் நூலில் பந்து கட்டினால் சரியாக இருக்கும். மணிக்குச் சலங்கை மணி. ஆனால் பிள்ளைக்குக் காலர் மைக் மாட்டுவதாக இருந்தால் முன்பக்கத்து மணிகளின் நாக்கைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை பேசும் வசனம் எதுவும் கேட்காது.

நிறம் பற்றி ஒரு விஷயம். லினன் நூல் சாயத்தை எளிதில் பிடிக்காது, கம்பளி நன்றாகப் பிடிக்கும். அதனால்தான் வெள்ளை லினனிலும் வண்ணம் கம்பளியிலும் என்று பிரிந்தது. நீலமும் இரத்தாம்பரமும் மத்தியதரைக் கடலின் முள்சங்கு வகை நத்தைகளிலிருந்து வந்த சாயங்கள். ஒரே சாற்றை வெயில் படவைத்தால் ஊதா நீலமாகத் திரும்பும். 1909இல் பவுல் ஃப்ரீட்லாண்டர் என்ற வேதியியலாளர் 12,000 நத்தைகளைப் பிழிந்து எடுத்த சாயம் வெறும் 1.4 கிராம். இஸ்ரேலின் திம்னா பள்ளத்தாக்கில் இந்த அசல் சாயம் ஏறிய கம்பளித் துணுக்குகள் கிடைத்த செய்தி 2021இல் வெளியானது. தாவீது, சாலொமோன் காலத்தை ஒட்டியவை அவை. சிவப்பு, ஓக் மரத்தில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சியிலிருந்து. ஆக நீங்கள் வாங்க வேண்டியது மினுமினுக்காத, ஆழமான நிறம். ஸ்கூல் யூனிஃபார்ம் நீலம் வேண்டாம், அவுரிச் சாயம் போன்ற நீலம் பாருங்கள்.

இப்போது அந்தப் பட்டுச்சேலைகளுக்கு வருகிறேன். நீல அங்கிக்கு மேல் அணியும் ஏபோத்தில் பொன் நூல் உண்டு. பொன்னைத் தகடாக அடித்து, மெல்லிய சரிகைகளாக வெட்டி, நூல்களோடு சேர்த்து வேலை செய்தார்கள் என்று யாத்திராகமம் 39 செய்முறையையே சொல்லிவிடுகிறது. நான்கில் கிழிந்துபோன சேலை ஏதாவது இருந்தால், கொடுத்தவரிடம் கேட்டுவிட்டு அதன் ஜரிகைக் கரையை மட்டும் எடுத்து ஏபோத்தின் தோள்பட்டைகளிலும் இடைக்கச்சையிலும் வைத்துத் தையுங்கள். நல்ல ஜரிகையின் உள்ளே பட்டு நூல்தான் இருக்கும், அதன்மேல் வெள்ளியிழை சுற்றிப் பொன்முலாம் ஏற்றியிருப்பார்கள். சரி, அது உள்ளே இருந்துவிட்டுப் போகட்டும். ஏபோத்தே முன்னும் பின்னும் தொங்கும் ஏப்ரன் மாதிரி, இரண்டு தோள்பட்டை, ஒரு கச்சை. மார்ப்பதக்கம் ஒரு சாண் சதுரம், துணி இரட்டையாக மடித்தது. நடிக்கிற பிள்ளையின் சாணை வைத்தே அளந்தால் அளவு பொருந்தி வரும். கற்கள் நான்கு வரிசை, வரிசைக்கு மூன்று.

பாவநிவாரண நாள் காட்சியும் உங்கள் நாடகத்தில் இருந்தால் உங்களுக்கு வேலை குறைவு. லேவியராகமம் 16இன்படி அன்று பொன்னும் நீலமும் கிடையாது. வெள்ளை லினன் சட்டை, உள்காற்சட்டை, கச்சை, பாகை மட்டும் உடுத்தி உள்ளே போக வேண்டும். மேலே இருப்பதைக் கழற்றினாலே காட்சி தயார். காலணி பற்றி அந்த அதிகாரங்களில் பேச்சே இல்லை, வெறுங்காலோடு விடுங்கள்.

பெரியவரின் கேள்வி நியாயமானது, ஆனால் பாதிதான் சரி. லேவியராகமம் 19 இரண்டு வகை நூல் கலந்த துணி கூடாது என்கிறது. எந்த இரண்டு என்பதை உபாகமம் 22:11 சொல்லிவிடுகிறது: ஆட்டுமயிரும் சணலும், அதாவது கம்பளியும் லினனும். பாலிகாட்டனைப் பற்றிய சட்டம் அல்ல அது. வேடிக்கை என்னவென்றால், ஆசாரியனின் ஏபோத்திலும் பதக்கத்திலும் வண்ணக் கம்பளியும் லினனும் சேர்ந்தேதான் இருந்தன என்பது யூத மரபு. முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், அந்தக் கலப்பு ஆசாரியருக்கு மட்டுமே உரியது, அதனால்தான் மற்றவர்களுக்குத் தடை என்கிறார். ஆகவே உங்கள் ஆரோன் கலப்புத் துணி உடுத்தலாம். அவரைப் பார்க்கும் ஜனக்கூட்டத்துக்குத்தான் கம்பளியும் லினனும் கலக்கக்கூடாது.

ஐசுவரியவானுக்கு லூக்கா 16 இரண்டே துணி சொல்கிறது: மேலே இரத்தாம்பரம், உள்ளே உயர்ரக மெல்லிய லினன். வெள்ளை மல் உள்சட்டை கழுத்திலும் மணிக்கட்டிலும் எட்டிப் பார்க்கும்படி வைத்து, மேலே கனமான ஊதாச் சால்வை போடுங்கள். கத்தரிப்பூ நிறம் வேண்டாம். ரோம எழுத்தாளர் பிளினி, உறைந்த இரத்தத்தின் நிறம் கொண்ட இரத்தாம்பரத்துக்கே மதிப்பு அதிகம் என்கிறார். நேராகப் பார்த்தால் கருமை, வெளிச்சத்தில் சாய்த்தால் சிவப்பு. லாசருவுக்குக் காடாத் துணி போதும், ஓரங்களைத் தைக்காமல் பிரித்துவிடுங்கள்.

‘அவன் பணக்காரன் ஆயிற்றே, பட்டு உடுத்தியிருக்கமாட்டானா?’ என்று கமிட்டியில் யாராவது கேட்பார்கள். அந்தக் காலத்தில் ரோமில் பட்டு இருந்தது உண்மை. கி.பி. 16இல், திபேரியு ஆட்சியில், ஆண்கள் பட்டு உடுத்தக்கூடாது என்று ரோம மேலவை தடையே போட்டது. ரோமுக்கு வந்த பட்டில் ஒரு பகுதி நம் பக்கத்திலிருந்து போனது: செங்கடல் வணிகம் பற்றிய கிரேக்கக் கையேடான பெரிப்ளூஸ், சேரநாட்டு முசிறி வழியாகக் கப்பலேறிய சரக்குகளில் மிளகு, முத்தோடு பட்டுத் துணியையும் சேர்க்கிறது. உறையூர் மெல்லிய பருத்தித் துணியும் அதில் வருகிறது. ஆனாலும் இயேசு சொன்ன கதையில் பட்டு இல்லை, சேர்க்காதீர்கள். புதிய ஏற்பாட்டில் பட்டு தெளிவாக வருவது ஒரே இடத்தில்: வெளிப்படுத்தின விசேஷம் 18:12, பாபிலோன் விழுந்ததும் வாங்க ஆளில்லாமல் வியாபாரிகள் அழுகிற சரக்குப் பட்டியல். எசேக்கியேல் 16இல் வரும் பட்டு உண்மையில் பட்டுதானா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. அடுத்த ஆண்டு யாராவது பாபிலோன் நாடகம் போட்டால், மிச்சமிருக்கும் மூன்று சேலைகளையும் வெட்டாமல் அப்படியே சுற்றிவிடலாம்.

தைக்கக் கொடுக்கும் முன் காட்டன் துணிகளை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே அங்கி முழங்காலுக்கு ஏறிவிடும். நீலத்தைத் தனியாக நனையுங்கள்.