சிறார் நூல் எழுதக் கற்பது எப்படி? கொங்குப் பேச்சில் எழுதலாமா?

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஆசிரியராக இருக்கும் நீங்கள் கேட்டிருப்பது இரண்டு: குழந்தைகளுக்கும் பதின்பருவத்தினருக்கும் புத்தகம் எழுத எங்கிருந்து தொடங்குவது, அதில் நம்ம கொங்குப் பக்கத்துப் பேச்சை எவ்வளவு விடலாம்.

முதலில் வயதை முடிவு செய்யுங்கள். "சிறுவர்களுக்காக" என்று பொத்தாம்பொதுவாகத் தொடங்கினால் ஐந்து வயதுக்கான கதை பத்து வயதுக்கான நடையில் வந்து நிற்கும். தமிழக அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் பள்ளியிலேயே கிடைக்கும். ஒவ்வொரு படியிலும் ஐந்து புத்தகம் எடுத்து, ஒரு பக்கத்துக்கு எத்தனை வாக்கியம், ஒரு வாக்கியத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணிப் பாருங்கள். அரை நாள் வேலைதான், ஆனால் கை பழகிவிடும்.

எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு வாக்கியத்தில் நான்கைந்து சொல் போதும். சொல்லின் நீளம்தான் தமிழில் பெரிய தடை. "ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தவுடனேயே" என்பது இரண்டே சொல். ஆனால் அதைக் கூட்டி முடிப்பதற்குள் குழந்தைக்கு முதல் எழுத்து மறந்துவிடும். "ஆடு ஓடியது. மீனா பார்த்தாள்." என்று உடையுங்கள். இதனாலேயே ஆங்கிலப் புத்தகங்களுக்குச் சொல்லும் சொல் கணக்கு நமக்கு ஒத்து வராது. அங்கே ஐந்து சொல்லில் சொல்வதை நாம் இரண்டில் சொல்லிவிடுவோம். என் கணக்கில் படக்கதைக்கு 150 முதல் 400 சொல், எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்கான சிறு நாவலுக்கு 8,000 முதல் 15,000, பதின்பருவ நாவலுக்கு 20,000க்கு மேல்.

படக்கதை எழுதும்முன் ஒரு மாதிரிப் புத்தகம் செய்துகொள்ளுங்கள். எட்டு ஏ4 தாளை ஒன்றாக நடுவில் மடித்துப் பின் அடித்தால் 32 பக்கம். நான்கு தாள் என்றால் 16. நடுவில் பின் அடிக்கும் புத்தகம் நான்கின் மடங்காகத்தான் வரும். அதனால் 27 பக்கக் கதை என்று ஒன்று கிடையாது. தலைப்பு, உரிமைப் பக்கங்கள் போக 32 பக்கத்தில் உங்களுக்கு மிஞ்சுவது எதிரெதிர்ப் பக்கங்களாக 13 அல்லது 14 இடம். கதையை அந்த இடங்களில் பென்சிலால் எழுதுங்கள். வலப்பக்கத்தில் கேள்வி எழ வேண்டும். தாளைத் திருப்பினால் விடை தெரிய வேண்டும். கேள்வியும் விடையும் எதிரெதிரே இருந்தால் குழந்தையின் கண் முதலில் விடைப் படத்துக்குத்தான் போகும். படம் காட்டுவதை எழுத்து திரும்பச் சொல்லக் கூடாது. கன்று செவலை என்று ஓவியர் காட்டுவார். அது ஏன் தண்ணீர்த் தொட்டிக்கு வர மறுக்கிறது என்பதை நீங்கள் எழுதுங்கள்.

கதை சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: பெரியவர் வந்து தீர்த்து வைப்பது. காய்ந்து கிடக்கும் கீழ்பவானி வாய்க்காலில் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது என்று வையுங்கள். ஆகஸ்ட் நடுவில் தண்ணீர் திறப்பார்கள், இன்னும் மூன்று நாள்தான். ஒன்பது வயதுப் பெண் குட்டிகளைக் கரையேற்ற நினைக்கிறாள். கடைசியில் அப்பாரு (தாத்தா) வந்து சாக்கில் அள்ளிப் போட்டுக் கொடுத்து, "உயிர்களிடத்தில் அன்பு வேணும் கண்ணு" என்று முடித்தால் கதை அப்பாருடையது. திருத்துவது இப்படி. பெரியவர்கள் உதவாததற்கு நியாயமான காரணம் வேண்டும்: வயலில் வேலை, தாய்நாய் கடிக்கும் என்ற பயம். அவள் முதலில் சோறு வைத்துத் தாயை மேலே வரவைக்கிறாள். அது தின்றுவிட்டுக் குட்டிகளிடம் திரும்பி ஓடுகிறது. அடுத்து நேராகக் குட்டிகளைத் தூக்கப் போகிறாள்; உறுமித் துரத்துகிறது. மூன்றாம் முறை, தாய் சோறு தின்னும் நேரத்தில் ஒரே ஒரு குட்டியை மேலே மரத்தடியில் கொண்டுபோய் வைக்கிறாள். அது கத்த, தாய் தேடிப் போகிறது. மிச்சத்தை ஒவ்வொன்றாகத் தாயே வாயில் கவ்வி வருகிறது. முதல் தோல்வியில் அவள் கவனித்ததுதான் மூன்றாவதில் உதவுகிறது. இந்த இணைப்பு இல்லாவிட்டால் வெற்றி தற்செயலாகத் தெரியும். நீதி வாக்கியம் தனியாக எதற்கு? செயலிலேயே இருக்கிறது.

இனி பேச்சு வழக்கு. தாராளமாக எழுதலாம், எழுதவும் வேண்டும். குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகத் தந்த பெ. தூரன் மொடக்குறிச்சிப் பக்கத்துக்காரர். சிறார் எழுத்து நம்ம மண்ணுக்குப் புதிதல்ல. கதை சொல்லும் குரல் பொதுத்தமிழில் இருக்கட்டும், உரையாடல் கொங்கில் இருக்கட்டும். "ஏனுங்க", "சரிங்க", "வா சாமி" என்பவற்றுக்கு விளக்கமே தேவையில்லை. "அப்புச்சி" என்ற சொல் வரும்போது "அம்மாவோட அப்பா ஊருக்கு" என்று பக்கத்து வரியில் வந்துவிட்டால் நெல்லைக் குழந்தையும் புரிந்துகொள்ளும், அடிக்குறிப்பு போடாதீர்கள். ஒலியை அப்படியே எழுதும் ஆசையில் "போயிட்டு வர்றனுங்" மாதிரி வரிக்கு வரி போட்டால் புதிதாகப் படிப்பவர் திணறுவார். ஒரு சொல்லுக்கு ஓர் எழுத்துமுறை என்று பட்டியல் வைத்துக் கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். இன்னொன்று கவனம்: உறவுப் பெயர்கள் ஒரே ஊரில் வீட்டுக்கு வீடு, சாதிக்குச் சாதி மாறும். நீங்கள் பழக்கத்தில் எழுதும் சொல்லே அந்தக் குழந்தை யார் வீட்டுப் பிள்ளை என்று காட்டிவிடும். தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளும், திருப்பூருக்கு வேலை தேடி வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். அவர்களும் கதைக்குள் வரட்டும்.

பதின்பருவத்தினருக்கு நாயகனோ நாயகியோ வாசகரைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருப்பது நல்லது. பதினான்கு வயதுக்காரர் பதினாறைப் பற்றித்தான் படிக்க விரும்புவார். மில் வேலைக்குப் போன அக்கா, கோயில் நோம்பியில் (திருவிழாவில்) யார் எங்கே நிற்கலாம் என்ற கணக்கு, போனில் வந்த முதல் செய்தி எல்லாம் அவர்களுக்குத் தெரியும். மூடி மறைத்தால் புத்தகத்தை மூடிவிடுவார்கள். பாலியல் சீண்டல் பற்றி எழுதினால் அச்சுக்கு முன் ஒரு குழந்தைகள் மனநல ஆலோசகரைப் படிக்க வையுங்கள், 1098 என்ற உதவி எண்ணைப் பின்பக்கத்தில் போடுங்கள்.

சோதனை செய்யாமல் எதையும் அனுப்ப வேண்டாம். நீங்களே வாசித்தால் குரலால் ஓட்டையை அடைத்துவிடுவீர்கள். வேறொருவர் வாசிக்கட்டும், நீங்கள் எழுதியது என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம். நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து, எந்த வரியில் கண் சன்னலுக்குப் போகிறது என்று பிரதியில் கோடு போடுங்கள். "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டால் ஆசிரியருக்காக ஆமாம் என்பார்கள். மறுநாள் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பலரும் விட்டுவிடும் பகுதியைத் தயங்காமல் வெட்டலாம்.

சிறியவற்றை முதலில் இதழ்களுக்கு அனுப்புங்கள். பள்ளிக்கு வரும் ஊஞ்சல், தேன்சிட்டு, அறிவியல் இயக்கத்தின் துளிர் இவற்றின் அளவையும் நடையையும் நாலைந்து இதழ் படித்துத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் அங்குள்ள படங்களை வைத்து நீங்களே தமிழில் கதை கோக்கலாம். பக்கம் பிரிக்கும் பயிற்சிக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அங்கே வெளியிடுவது திறந்த உரிமத்தில். பிறகு யாரும் பயன்படுத்தலாம் என்பதைத் தெரிந்து போடுங்கள். பதிப்பகத்துக்கு அனுப்பும்போது சொந்தச் செலவில் ஓவியம் வரைய வைக்காதீர்கள்; ஓவியரைப் பெரும்பாலும் அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். யூனிகோடில் தட்டச்சு செய்து, பக்க எண்ணிட்டு, படத்தில் மட்டும் தெரிய வேண்டியதை அடைப்புக்குறிக்குள் ஒரே வரியில் குறியுங்கள். ஏற்றுக்கொண்டால் உரிமைத்தொகை, எத்தனை பிரதி, மொழிபெயர்ப்பு உரிமை யாருக்கு என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.