நிழலுக்கு முகம் வேண்டாம்

அன்பின் அண்ணா,

திருக்கடலூர்ப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில் ஆண்களுக்கென்று மாதம் ஒருமுறை ஓவிய வகுப்பு தொடங்கினோம். பதினொரு பேர் வந்தார்கள், பாதிப்பேர் கடற்றொழிலாளர். "மனதில் இருப்பதை வரையுங்கள்" என்றோம். கோணேசர் கோயிலும் வள்ளமும் வரைந்து, சிரித்துக் கதைத்துவிட்டுப் போய்விட்டார்கள். எங்கே பிழைவிட்டோம்? ஆளைத் தாளில் கிடத்தி உடம்பைச் சுற்றிக் கோடு போட்டு, உள்ளே நிறம் தீட்டும் முறையை அடுத்த மாதம் செய்யலாமா?

வாசகர், திருகோணமலை

அன்பின் தம்பி,

பிழை அந்தக் கேள்வியில்தான். மனதைப் பற்றிக் கேட்டால் எங்கள் ஆண்கள் வாயை மூடிக்கொள்வார்கள். ஆனால் "நெஞ்சு அடைச்சுப் போச்சு", "வயிறு பத்தி எரியுது", "ஈரக்குலை நடுங்கிச்சு" என்று சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை. தமிழில் துக்கத்துக்கும் பயத்துக்கும் உடம்பில் இடம் இருக்கிறது. அந்த இடத்தைக் கேளுங்கள்.

முறை நல்லது. ஆனால் கிடத்த வேண்டாம். சாரம் கட்டியவரைச் சுற்றிக் கோடு இழுப்பதும், இன்னொரு ஆணின் கை தொடைப்பக்கம் வருவதும் பெரிய சங்கடம். அதைவிட, தரையில் கிடக்கும் உடம்பைச் சுற்றிக் கோடு என்றால் இந்த ஊரில் எதை நினைவூட்டும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நிற்க வைத்து நிழலை வரையுங்கள்.

மண்ணிறத் தாளை 7 அடி உயரம், 4 அடி அகலத்துக்கு இரண்டு மடிப்பாகக் கோதுமை மாப் பசையில் ஒட்டிச் சுவரில் பொருத்துங்கள். சுவரிலிருந்து 10 அடி தள்ளி, நெஞ்சுயரத்தில், ஒரு கைப்பேசியின் டோர்ச். குழல் விளக்கு வேண்டாம், நிழலின் ஓரம் கலங்கிவிடும். ஆள் சுவருக்கு ஓர் அடி முன்னால் நிற்கட்டும். நிழல் ஆளைவிட ஒன்பதில் ஒரு பங்கு பெரிதாக விழும். விளக்குக்குக் கிட்டப் போகப் போக அது பூதமாகும். வெறுந்தரையில் நின்றால் கணுக்கால் நிழல் சுவரில் ஏறாது, ஐந்து அங்குலப் பலகை ஒன்றில் ஏற்றுங்கள். வரைபவர் ஒளியை மறைக்காமல் பக்கவாட்டில் நின்று கரியால் இழுக்க வேண்டும். ஒரு விளக்குக்கு நான்கு பேர் போதும்.

முகம் வரையச் சொல்லாதீர்கள். மூக்கு சரிவரவில்லை என்ற வெட்கத்திலேயே எல்லாம் நின்றுவிடும்.

பிறகு கரி, செங்கட்டி, மஞ்சள், உடுப்புக்குப் போடும் நீலம் ஆகியவற்றை நடுவில் வையுங்கள். கேள்விகளை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு. தொல்காப்பியம் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வது, இழப்பது, முன்பிருந்த நிலை கெடுவது, இல்லாமை. இவை பெண்களுக்கு மட்டும் என்று அங்கே எங்கும் இல்லை. பாட்டாகச் சொல்லாமல் கேள்வியாக்குங்கள்: "நாலு பேருக்கு முன்னால் ஏச்சு வாங்கினபோது எங்கே பிடித்தது?" "வலை வெறுமையாக வந்த நாளில் எங்கே?" பதில் வாயால் வேண்டாம், கை போகட்டும். ஒருவர் தொண்டையில் செங்கட்டியைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். தாள் கிழிந்தாலும் ஒட்டிக் கொடுக்காதீர்கள், அந்தக் கிழிசலும் அவர் வரைந்ததுதான்.

சிரிப்பு வரும், அடக்க வேண்டாம். அது கூச்சம், கால்மணித்தியாலத்தில் அடங்கும். கெடுப்பது வேறு: "இது என்ன, விளக்குங்கள்" என்ற வற்புறுத்தல், ஒருவர் தாளை மற்றவர் படமெடுப்பது, கேட்காமல் கண்காட்சிக்கு மாட்டுவது. மூன்றில் ஒன்று நடந்தாலும் அடுத்த மாதம் கதிரைகள்தான் இருக்கும். யாராவது உடைந்து அழுதால் எல்லோரும் சூழாதீர்கள். ஒருவர் மட்டும் பக்கத்தில் இருக்கட்டும், தண்ணீர் கொடுக்கட்டும், மற்றவர்கள் வேலையைத் தொடரட்டும். தூக்கமின்மை, சாகும் எண்ணம் என்று கதை போனால் அது ஓவிய வகுப்பில் தீராது. தேசிய மனநல உதவி இலக்கம் 1926-ஐ அன்றே கொடுங்கள்.

வாடைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது ஆட்கள் கிடைப்பார்கள், ஆனால் தாள் ஈரத்தில் நமுத்துப்போகும். தண்ணீர் நிறங்களைத் தவிருங்கள், கரி தாக்குப்பிடிக்கும்.

முடிவில் தாளைச் சுருட்டிக் கயிறு கட்டி அவரவர் கையில் கொடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்பவருடையதைப் பெயர் எழுதாமல், ஓர் அடையாளம் மட்டும் இட்டு, அலுமாரியில் பூட்டி வையுங்கள். அவர் வந்து கேட்கும்வரை நீங்களும் விரித்துப் பார்க்க வேண்டாம்.