கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். தாழ்த்திய ஸ்போர்ட்ஸ் காரைத் தூக்க எந்த ட்ராலி ஜாக் (சக்கரம் வைத்த ஜாக்கி) வாங்கலாம்?

டன் கணக்கைவிட, ஜாக்கை முழுக்க இறக்கினால் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள். சாதாரண ட்ராலி ஜாக் சுமார் 130 மி.மீ. நிற்கும், தாழ்த்திய காரின் அடியில் பல நேரம் 100 மி.மீ.கூட இருக்காது. 75 முதல் 85 மி.மீ. வரையுள்ள லோ ப்ரொஃபைல் ஜாக்தான் உள்ளே போகும். உடல் நீளமானதாகவும் வாங்குங்கள். முன் பம்பரைத் தாண்டி கிராஸ்மெம்பரை (காரின் அடியில் குறுக்கே போகும் உறுதியான சட்டத்தை) எட்டிய பிறகும் கைப்பிடியை அடிக்க இடம் வேண்டுமே! எடைக்கு 2 டன் தாராளம்.

நம்ம ஊர்ப் பக்கம் வாசல் மண்ணாகவோ ஜல்லியாகவோ இருந்தால் அங்கே தூக்காதீர்கள். தூக்கத் தூக்க ஜாக் உருண்டு நகர வேண்டும். ஜாக்கின் சக்கரம் புதைந்தால் கார் சரியும். சமமான சிமென்ட் தரையில் மட்டும் செய்யுங்கள். காரைத் தாங்கும் ஜாக் ஸ்டாண்டு வைக்காமல் தயவுசெய்து அடியில் போகவே வேண்டாம்.