கேப்போ போட்டா ஸ்ருதி ஏறுதா? முதல்ல அழுத்தத்தைப் பாருங்க

ப்ரோ, கிட்டார் கழுத்துல ரெண்டாவது ஃப்ரெட்ல (குறுக்கே பதிச்ச உலோகப் பட்டை) கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்துற கிளிப்) மாட்டினதும் தடிச்ச ஈ கம்பியும் ஜி கம்பியும் ட்யூனர்ல பத்துப் பதினஞ்சு சென்ட் (நூறு சென்ட் சேர்ந்தா ஒரு செமிடோன், அதாவது ஒரு ஃப்ரெட் தூரம்) ஏறுதுன்னு சொல்றீங்க, கிட்டார் மேல தப்பு இருக்காதுன்னுதான் தோணுது. ஸ்பிரிங் கேப்போவுல அழுத்தம் நம்ம கையில இல்ல, எப்பவும் ஒரே இறுக்கு, அது தேவைக்கு மேல போனா கம்பி ஃப்ரெட்டுக்குப் பின்னாடி (கிட்டார் தலைப் பக்கம்) கீழ வளையும், வளைஞ்சா இழுபடும், இழுபட்டா ஸ்ருதி ஏறும், ஃப்ரெட் உயரமா இருந்தா இன்னும் மோசம்.

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி இதைப் பண்ணிப் பாருங்க. ஓப்பன்ல, அதாவது கேப்போ இல்லாம, ட்யூன் பண்ணிட்டு கேப்போவை ஃப்ரெட்டுக்கு ஒட்டினாப்ல, அதுக்குப் பின்னாடி, நேரா வைங்க. மாட்டும்போது கம்பியைப் பக்கவாட்டுல தள்ளாம மேலருந்து நேரா இறக்குங்க, இதுல நிறைய பேர் கோட்டை விடுறாங்க. அப்புறம் கேப்போவுக்கு முன்னாடி ஒவ்வொரு கம்பியையும் லேசா ஒரு இழு இழுத்து விடுங்க, கேப்போவோட ரப்பர்ல சிக்கினது இளகும்.

அப்பவும் ஏறினா ஸ்க்ரூ வச்ச கேப்போ வாங்குங்க, ஷப் (Shubb) கம்பெனியோடது மாதிரி. ஸ்க்ரூவை நல்லா தளர்த்தி மாட்டி, ஒவ்வொரு கம்பியா மீட்டிக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க, கரகரப்பு நின்ன அந்த நொடியே நிறுத்திடணும், அதுக்கு மேல கால் சுத்து கூட வேணாம். வாங்கும்போது ஃப்ரெட்போர்டு வளைவைப் பாத்துக்கோங்க, நைலான் கம்பி கிளாசிக்கலுக்குத் தட்டையான கேப்போ, ஸ்டீல் கம்பிக்கு வளைஞ்சது. மாத்திப் போட்டா நடுக் கம்பியோ ஓரக் கம்பியோ கரகரக்கும், உடனே கை தானா இன்னும் இறுக்கும், மறுபடி அதே கதை.