ஃபாத்திமான்னு பேர் வைக்கப் போறீங்களா? கேளுங்க சொல்றேன்

பொம்பளப் பிள்ளைக்கு பேர் வைக்கிறத பத்தி கேள்வி குவிஞ்சு கெடக்கு. இந்த வாட்டி ஃபாத்திமா பேர் மட்டும் எடுத்துக்குறேன்.

கேள்வி: காக்கா (அண்ணே), மகளுக்கு ஃபாத்திமான்னு வைக்கச் சொல்லி உம்மா (அம்மா) ஒரே பிடிவாதம். நெட்ல பாத்தா பால்குடி மறக்கடிக்கிறவன்னு போட்ருக்கு, இதெல்லாம் ஒரு அர்த்தமா?

பதில்: சரியாத்தான் போட்ருக்கான். அரபில ஃபதமன்னா அறுக்குறது, பிரிக்கிறது, அதுலருந்துதான் பிள்ளைய தாய்ப்பால்லருந்து பிரிக்கிறதுக்கும் அந்த வார்த்தை வந்துச்சு. குட்டி பால் மறந்த ஒட்டகத்தையும் அரபிங்க ஃபாத்திம்னு சொல்லுவாங்க. பாலைவனத்துல ஒரு பிள்ளை பொழச்சு வளந்து பால் மறக்குற வரைக்கும் வர்றதே பெரிய விஷயம், அப்படி பிள்ளைய வளத்து ஆளாக்குறவளா இவ வரணும்னு வைக்கிற பேர் இது, இதுல கூச்சப்பட என்ன இருக்கு? உம்மா பேச்சக் கேளுங்க.

கேள்வி: நபி (ஸல்) மக ஃபாத்திமா (ரலி) நரக நெருப்புலருந்து பிரிக்கப்பட்டவங்கங்கிறதாலதான் அந்தப் பேர்னு ஒரு பயான்ல (மார்க்கச் சொற்பொழிவுல) கேட்டேன்.

பதில்: அப்படி ஒரு ரிவாயத் (நபி சொன்னதா வர்ற அறிவிப்பு) சுத்திக்கிட்டு இருக்கு, ஆனா அது இட்டுக்கட்டினதுன்னு இப்னுல் ஜவ்ஸி மாதிரி ஹதீஸ் (நபிமொழி) அறிஞருங்க எழுதி வச்சிருக்காங்க. அதோட நபி (ஸல்) மகளுக்கு முன்னாடியே இந்தப் பேர் மக்காவுல சாதாரணமா இருந்துச்சு. நபி மருமகன் அலி (ரலி) உம்மா ஃபாத்திமா பின்த் அஸத் (அஸதோட மக), நபித்தோழர் உமர் (ரலி) தங்கச்சி ஃபாத்திமா பின்த் கத்தாப். ஒரு தடவ பட்டுத்துணி ஒண்ண அலி கிட்ட குடுத்து, ஃபாத்திமாக்களுக்கு முக்காடா பிரிச்சுக் குடுங்கன்னு நபி சொன்னதா முஸ்லிம்ங்கிற ஹதீஸ் தொகுப்புலயே இருக்கு, ஒரு குடும்பத்துக்குள்ளயே அத்தன ஃபாத்திமா!

கேள்வி: அப்ப இவ்ளோ மதிப்பு எங்கருந்து வந்துச்சு? குர்ஆன்ல இருக்கா?

பதில்: இல்லம்மா. குர்ஆன்ல பேர் சொல்லி வர்ற ஒரே பொண்ணு மர்யம்தான். ஃபாத்திமாங்கிற பேருக்கு மதிப்பு வந்ததே அத வச்சிருந்தவங்களாலதான். புகாரிங்கிற ஹதீஸ் தொகுப்புல வர்றத சொல்றேன். ஃபாத்திமா திருகைல மாவு அரைச்சு அரைச்சு கை நோவு தாங்காம, நபிகிட்ட போர்க் கைதிங்க வந்திருக்காங்கன்னு கேள்விப்பட்டு ஒரு வேலையாள் கேக்கலாம்னு வாப்பா (அப்பா) வீட்டுக்குப் போறாங்க, அவரு இல்ல, நபி மனைவி ஆயிஷா (ரலி) கிட்ட சொல்லிட்டு வந்துடுறாங்க. ராத்திரி ஃபாத்திமாவும் கணவர் அலியும் படுத்தப்புறம் நபி வர்றாங்க, எந்திரிக்கப் போனவங்கள அப்படியே இருங்கன்னு சொல்லி நடுவுல உக்காந்துக்கிறாங்க, நபி பாதத்தோட குளிர்ச்சி என் நெஞ்சுல பட்டுச்சுன்னு அலியே சொல்றாரு. வேலையாள் கெடைக்கல. தூங்கும்போது சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 ஓதிக்கங்க, அது வேலையாள விட மேலுன்னு சொல்லிக் குடுத்தாங்க. இன்னிக்கும் எத்தனையோ வீட்டுல படுக்கப்போறப்ப ஓதுறது இதத்தான்.

632ல நபி மவுத்தாகி (காலமாகி) சில மாசத்துலயே ஃபாத்திமாவும் போய்ட்டாங்க, ஆனா மகன்கள் ஹஸன் ஹுஸைன் வழியா வம்சம் அவங்க பேர்லதான் நிக்குது. 969ல கெய்ரோவ கட்டின ஃபாத்திமிய கலீஃபாக்கள் பேர் வச்சுக்கிட்டதும் இவங்கள வச்சுத்தான்.

கேள்வி: என் கூட வேல பாக்குற கிறிஸ்டியன் பொண்ணு பேரும் பாத்திமா மேரி. எப்படி?

பதில்: போர்ச்சுகல்ல பாத்திமான்னு ஒரு ஊரு இருக்கு, முஸ்லிம்க ஆட்சி நடந்த மண்ணு, பேரும் அரபிப் பேருதான். 1917ல அங்க மூணு பிள்ளைங்களுக்கு மாதா காட்சி குடுத்தாங்கன்னு கத்தோலிக்கர்கள் நம்புறாங்க, அதுலருந்து பாத்திமா அன்னை. மதுரை பாத்திமா காலேஜ் பேரும் அந்த வழிதான்.

கேள்வி: ஸ்ரீலங்காவுல எங்க கிளாஸ்ல பாதிப் பேர் ஃபாத்திமா, டீச்சர் கூப்பிட்டா நாலு பேர் எந்திரிப்போம். இத எடுத்துடலாமா நானா (அண்ணா)?

பதில்: ஹாஹா, அங்க ஆம்பளைக்கு முஹம்மத் மாதிரி பொம்பளைக்கு ஃபாத்திமா முன்னாடி ஒட்டிக்கிறது வழக்கம். எடுக்கணும்னு மார்க்கத்துல ஒண்ணுமில்ல, வைக்கணும்னும் இல்ல, ஆனா பாஸ்போர்ட்டு சர்டிபிகேட்டுன்னு அலையணுமேம்மா, விட்ருங்க.

கேள்வி: பாட்டி பேர் பாத்துமுத்து, அதுவும் இதானா? நியூமராலஜிக்கு எழுத்து கூட்டலாமா?

பதில்: ஆமா, அதுவும் இதேதான், முத்து நம்ம ஊர் சேத்துக்கிட்டது. துருக்கில ஃபத்மா, செனகல்ல ஃபாத்தூ, அந்த மாதிரி. நியூமராலஜி எங்கிட்ட கேக்காதீங்க, பர்த் சர்டிபிகேட்லயும் ஆதார்லயும் ஒரே ஸ்பெல்லிங் இருந்தா போதும்.