காற்றே அசையவில்லை, கிளைடர் ஏறுகிறதாம்!

கேள்வி: என் மோட்டார் கிளைடர் பேட்டரியோடு சேர்த்து 2 கிலோ, இறக்கைப் பரப்பு 0.5 சதுர மீட்டர். விமானத்தைத் தானாக ஓட்டும் ஆர்டுபைலட் மென்பொருளில் சோரிங் வசதியை, அதாவது மேலெழும் காற்றைக் கண்டுபிடித்து அதில் ஏறும் வசதியைப் போட்டிருக்கிறேன். காற்று அசையாத அதிகாலையில் மோட்டாரை நிறுத்தி, வினாடிக்கு 12 மீட்டர் ஏர்ஸ்பீடில் நேராக விட்டாலும் பறப்புப் பதிவில் (லாக்) நெட்டோ, அதாவது காற்று மட்டும் மேலே போகும் வேகம், வினாடிக்கு 0.8 மீட்டர் ஏற்றம் காட்டுகிறது. டிராக் (காற்றின் எதிர்ப்பு) கணக்கு குறைவாக இருக்கிறதோ என்று சிடி0-வை, அதாவது தூக்குவிசையைச் சாராத அடிப்படை டிராக்குக்கான எண்ணைக் கூட்டினேன், நெட்டோ இன்னும் ஏறிவிட்டது. எதைத் தொடுவது?

பதில்: முதலில் சிடி0-வை பழையபடி 0.027-க்கே கொண்டுவந்துவிடுங்கள். மென்பொருள் என்ன செய்கிறது என்றால், இந்த வேகத்தில் இந்த விமானம் இவ்வளவு இறங்க வேண்டும் என்று ஒரு கணக்குப் போடுகிறது, உண்மையில் அதைவிடக் குறைவாக இறங்கினால் மிச்சத்தைக் காற்று தூக்கிவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. நீங்கள் டிராக்கைக் கூட்டியபோது எதிர்பார்க்கும் இறக்கமும் கூடியது, அதனால்தான் இல்லாத ஏற்றம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

குற்றவாளி அநேகமாக போலார் கே, அதாவது அந்த இறக்கக் கணக்கில் இறக்கைச் சுமையை (எடையை இறக்கைப் பரப்பால் வகுத்தது) குறிக்கும் எண். இதை யாரும் டியூன் செய்ய வேண்டியதே இல்லை, தராசும் அளவுகோலும் போதும்: எடையை 2-ஆலும் 9.81-ஆலும் பெருக்கி, 1.225 (காற்றின் அடர்த்தி) பெருக்கல் இறக்கைப் பரப்பால் வகுத்தால் வருவதுதான் கே. உங்களுக்கு 64 வருகிறது. மென்பொருளோடு வருவது 25.6. அதாவது உங்களுடையதைவிடப் பாதிக்கும் குறைவான இறக்கைச் சுமை உள்ள ஒரு விமானத்துக்கான எண்ணை வைத்துக்கொண்டு பறக்கிறீர்கள். அந்த எண்ணின்படி 12 மீட்டர் வேகத்தில் வினாடிக்கு 1.9 மீட்டர் இறங்க வேண்டும், உங்கள் கிளைடரோ 1.1 தான் இறங்குகிறது. நீங்கள் பார்த்த 0.8 அங்கிருந்துதான் வருகிறது.

கே 64 என்று போட்டதும் எதிர்பார்க்கும் இறக்கம் 0.9 ஆகிவிடும், நெட்டோ இப்போது பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். சிடி0-வைத் தொட வேண்டிய நேரம் இதுதான். வேகமாகப் பறந்து பாருங்கள், ஏனென்றால் 18 மீட்டர் வேகத்தில் இறக்கத்தில் 95 சதவீதம் சிடி0-வின் வேலை, மெதுவாக 10 மீட்டரில் போனால் மூன்றில் ஒரு பங்கை பி, அதாவது தூக்குவிசையால் வரும் டிராக், எடுத்துக்கொள்ளும், இரண்டும் கலந்து குழப்பும். 18 மீட்டரில் வினாடிக்கு 3.1 மீட்டர் இறங்குகிறது என்று வையுங்கள். கே-யை வேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 0.198. இறக்கத்தை வேகத்தால் வகுத்தால் 0.172, அதிலிருந்து பி பெருக்கல் 0.198, அதாவது 0.006-ஐக் கழித்து, மறுபடி 0.198-ஆல் பெருக்கினால் சிடி0 0.033. பி-யை மென்பொருள் தருகிற 0.031-லேயே விடுங்கள். மெதுவாகப் பறக்கும்போது மட்டும் நெட்டோ விலகினால் அப்புறம் அதைப் பார்க்கலாம்.

இதெல்லாம் ஏர்ஸ்பீடு சென்சார் உண்மை பேசினால்தான். சிடி0-வால் வரும் இறக்கம் வேகத்தின் மூன்றாம் அடுக்கோடு ஏறும், ஆகவே பிட்டாட் (அந்த சென்சாரின் காற்றுக் குழாய்) 10 சதவீதம் தப்பாகச் சொன்னால் கணக்கில் 33 சதவீதம் போய்விடும். அதை முதலில் சரிபார்க்காமல் போலாரில் கை வைக்கவே வைக்காதீர்கள். இன்னொன்று, புரொப்பெல்லர். மோட்டார் நின்ற பிறகும் அது காற்றில் சுற்றிக்கொண்டிருந்தால் டிராக் வெகுவாகக் கூடும். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி-யில் பிரேக்கைப் போட்டு, இதழ்கள் உடம்போடு ஒட்டி மடிகின்றனவா என்று தரையிலேயே பார்த்துவிட்டு அளவெடுங்கள். ஒரு நாள் மடிந்தும் ஒரு நாள் மடியாமலும் பறந்தால் எந்த எண்ணும் பொருந்தாது.

கேள்வி: என்னுடையது டெல்டா இறக்கை விமானம். ஆட்டோ மோடில் திரும்பும்போதெல்லாம் உயரம் இழக்கிறது. உயரத்தையும் வேகத்தையும் பார்த்துக்கொள்ளும் டெக்ஸில் ரோல்-டு-திராட்டிலை, அதாவது சாயும்போது மோட்டாருக்குக் கூடுதல் சக்தி கொடுக்கும் எண்ணைக் கூட்டலாமா?

பதில்: கூட்டலாம், ஆனால் அதற்கு முன் எஃப்பிடபிள்யூஏ மோடில் (நீங்கள் ஓட்ட, மென்பொருள் சாய்வை மட்டும் நிலைப்படுத்தும் முறை) நன்றாகச் சாய்த்து, மூக்கு கீழே விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அது டிராக் பிரச்சினையே இல்லை, பிட்ச்சில் (மூக்கின் ஏற்ற இறக்கத்தில்) திருப்பத்துக்கான ஈடுகட்டல் போதவில்லை, அதைத்தான் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். மூக்கு நிலையாக இருந்தும் உயரம் போகிறது என்றால் சரி, திராட்டில்தான். 45 டிகிரி சாய்வில் எவ்வளவு கூடுதலாக இறங்குகிறது என்று வினாடிக்கு மீட்டரில் அளந்து, அதை 10-ஆல் பெருக்கிப் போடுங்கள். அதே வேகத்தில் 45 டிகிரி சாய்த்தால் தூக்குவிசையால் வரும் டிராக் இரண்டு மடங்காகும், 60 டிகிரியில் நான்கு மடங்கு. நீளமான மெல்லிய இறக்கைக்கு அந்த டிராக் முதலிலேயே சின்னது, அதனால் மேலே கேட்டவரின் கிளைடருக்கு 2 போதும். உங்கள் டெல்டாவுக்கு அது பெரியது, அளந்து வரும் எண் பல மடங்கு இருந்தால் பயப்படாமல் போடுங்கள்.