சுடுமண்ணும் சிங்கப்பூர் வெயிலும்: கேள்வி பதில்

கேள்வி: டெல்லிக்கு அருகே நொய்டாவில் ஆண்ட் ஸ்டூடியோ என்ற கட்டடக்கலை நிறுவனத்தினர் சுடுமண் குழாய்களின்மேல் நீரை வழியவிட்டுக் காற்றைக் குளிர்விக்கிறார்களே, அது இங்கே எடுபடுமா?

பதில்: பெரிதாக எடுபடாது. 42 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 20 விழுக்காடாக இருந்தால், நீர் ஆவியாவதால் காற்று ஏறக்குறைய 24 டிகிரி வரை குளிர இடமுண்டு. இங்கோ 32 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 65 விழுக்காடு இருந்தாலே அந்த எல்லை 26 டிகிரிக்கு மேல் நின்றுவிடும். நடைமுறையில் அந்த எல்லையையும் எட்ட முடியாது, போதாக்குறைக்குப் புழுக்கமும் கூடும். மண்பானைத் தண்ணீர் ஊரில் குளிர்ந்ததைப் போல இங்கே குளிர்வதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள், காரணம் ஒன்றே.

கேள்வி: அப்படியென்றால் சுடுமண்ணால் இங்கு என்ன பயன்?

பதில்: நிழலும் காற்றோட்டமும். நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரி வடக்கே இருப்பதால் உச்சிவெயிலைக் கூரை நீட்டம் தடுத்துவிடும். தாழ்வாகச் சாய்ந்து வரும் மாலை வெயிலைத் தடுக்க அதனால் ஆகாது. மேற்குச் சுவருக்கு முன்னால் ஓரடி இடைவெளி விட்டுச் சுடுமண் ஜாலி (துளைகள் கொண்ட தடுப்புச் சுவர்) எழுப்பினால், வெயில் அதன்மேல் விழும், காற்று துளைகள் வழியே நுழையும், இடைவெளியில் சூடான காற்று மேலே எழுந்து வெளியேறும். லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவின் பழைய கடைவீடுகளை அண்ணாந்து பாருங்கள்: ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த ஓடுகளின் சந்துகள் வழியே கூரையே மூச்சுவிடுகிறது. கனத்த சுவர் கட்டிப் பகல் சூட்டைத் தேக்கி இரவில் விடும் உத்தியை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் இங்கே இரவும் அவ்வளவாகக் குளிர்வதில்லை.

கேள்வி: வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் செய்யக்கூடியது எது?

பதில்: வெளிச்சுவரில் விருப்பம்போல் கைவைக்க முடியாது. உள்ளே தரைக்குச் சுடுமண் ஓடு பதிக்கலாம். நீர் தேங்கும் பானைகளை அடுக்க வேண்டாம். ஏடிஸ் கொசு முட்டையிட்டால் அபராதம் கட்ட நேரிடும்.

கேள்வி: சுடுமண் இரண்டே ஆண்டில் கறுத்துவிடுமாமே?

பதில்: ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில், நீரை உறிஞ்சும் ஓட்டில் பாசி படியாமல் இருக்காது. மழைநீர் சுவரில் வழியாமல் சொட்டிவிழ விளிம்பு அமையுங்கள்; சிலேன் என்ற நீர்விலக்கும் பூச்சைப் பூசினால் நீர் உள்ளே இறங்காது, ஈர ஆவி வெளியேறவும் வழியிருக்கும். வாங்கும்போது ஓட்டை இரு விரலால் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நன்றாக வெந்தது. மந்தமாக ஒலித்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.